பழைய 1080 டிஐ, புதிய 4060: எந்த எண்ணை எந்த எண்ணோடு ஒப்பிடுவது?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பல, பழைய கிராபிக்ஸ் கார்டையும் புதிய கார்டையும் எப்படி ஒப்பிடுவது என்பதைப் பற்றியவை. ஆகையால் இம்முறை அந்த ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: என்னிடம் 2017-இல் வெளியான ஜிடிஎக்ஸ் 1080 டிஐ இருக்கிறது. அதற்குப் பதிலாக 2023-இல் வெளியான ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கலாமா என்று யோசித்து, இரண்டின் விவரக்குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். கூடா கோர்கள் (CUDA cores) எனப்படும் கணக்குச் செய்யும் சிறு அலகுகள் 3584-லிருந்து 3072 ஆகியிருக்கின்றன. நினைவகம் 11 ஜிபி-யிலிருந்து 8 ஜிபி. சில்லையும் நினைவகத்தையும் இணைக்கும் பாதையான நினைவகப் பஸ் 352 பிட்டிலிருந்து 128 பிட். நொடிக்கு 484 ஜிபி என்றிருந்த பேண்ட்வித் 272 ஜிபி. கடிகார வேகம் ஒன்றைத் தவிர எல்லாமே இறங்குமுகம். ஆனாலும் விசாரித்தவர்கள் எல்லாரும் புதியதுதான் மேல் என்கிறார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து வந்த கார்டு எண்ணில் இவ்வளவு தேய்ந்திருக்க, அது எப்படி மேலாகும்?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் எண்கள் அனைத்தும் சரி. பிசகு அவற்றை நேருக்கு நேர் நிறுத்தியதில்தான் இருக்கிறது. குட்டைக் கை அளந்த பத்து முழமும் நெட்டைக் கை அளந்த பத்து முழமும் பெயரில்தான் ஒன்று. விவரக்குறிப்பின் பெரும்பாலான வரிகள் இப்படிப்பட்ட முழக் கணக்குகள். ஒரே தலைமுறைக் கார்டுகளுக்குள் ஒப்பிட்டால் அளந்த கை ஒன்றாகையால் கணக்கு நேராக நிற்கும்; தலைமுறை மாறினால் கையே மாறிவிடும். 1080 டிஐ பாஸ்கல் தலைமுறையைச் சேர்ந்தது, 4060 ஏடா லவ்லேஸ் தலைமுறையைச் சேர்ந்தது, நடுவே டூரிங், ஆம்பியர் என இரண்டு தலைமுறைகள் கழிந்துவிட்டன. எனவே ஒவ்வொரு வரியாக எடுத்து, அது தலைமுறை தாண்டியும் அதே அளவாக நிற்கிறதா என்று பார்த்துவிடுவோம்.

முதலில் கோர்கள். கோர் எண்ணிக்கையைக் கடிகார வேகத்தோடு பெருக்காமல் படிப்பதில் பொருளில்லை. ஒரு கோர், ஒரு கடிகாரத் துடிப்பில், ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்துச் செய்யும் என்பதால் அதை 2 கணக்குகள் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 1080 டிஐ-யின் அறிவிக்கப்பட்ட பூஸ்ட் வேகம், அதாவது சுமையின்போது எட்டும் கடிகார வேகம், 1582 மெகாஹெர்ட்ஸ். 3584-ஐ 2-ஆலும் அந்த வேகத்தாலும் பெருக்கினால் ஏறத்தாழ 11.3 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 11.3 லட்சம் கோடி கணக்குகள் வருகின்றன. 4060-இன் பூஸ்ட் வேகம் 2460 மெகாஹெர்ட்ஸ். அதே பெருக்கலில் 15.1 டெராஃப்ளாப்ஸ். குறைந்த ஆட்கள் அதிக வேகமாக வேலை செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். குளிர்ச்சி போதுமானால் இரண்டு கார்டுகளும் இந்த பூஸ்ட் எண்ணைத் தாண்டியே ஓடும். பாஸ்கல் கார்டுகள் இதில் பெயர் பெற்றவை. ஆகவே இந்தப் பெருக்கல் தருவது தோராயம்தான்.

வேகம் இவ்வளவு கூடியதற்குக் காரணம் சில்லு தயாரிப்பு முறை. 1080 டிஐ-யின் சில்லு 16 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. அதன் பரப்பு 471 சதுர மில்லிமீட்டர், அதில் ஏறத்தாழ 1,200 கோடி டிரான்சிஸ்டர்கள். 4060-இன் சில்லு டிஎஸ்எம்சி நிறுவனத்தின் 4என் முறையில் செய்யப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 159 சதுர மில்லிமீட்டர்தான், ஆனால் டிரான்சிஸ்டர்கள் 1,890 கோடி. மூன்றில் ஒரு பங்கு இடத்தில் ஒன்றரை மடங்குக்கும் மேல் அடைத்திருக்கிறார்கள். கோர்கள் குறைந்திருக்கும்போது அத்தனை டிரான்சிஸ்டர்களும் எங்கே போயின என்ற கேள்வி எழ வேண்டும். அதற்கான விடையின் ஒரு பகுதி அடுத்த வரியில் இருக்கிறது.

பேண்ட்வித் கணக்கு எளிது. பஸ்ஸின் அகலத்தை 8-ஆல் வகுத்து, நினைவகத்தின் வேகத்தால் பெருக்க வேண்டும். 1080 டிஐ-யில் 352 பிட்டை 8-ஆல் வகுத்தால் 44, ஜிடிடிஆர்5எக்ஸ் நினைவகத்தின் வேகம் 11 கிகாபிட், ஆக 484. 4060-இல் 128-ஐ வகுத்தால் 16, ஜிடிடிஆர்6-இன் வேகம் 17 கிகாபிட், ஆக 272. திரையில் நொடிக்கு 60 ஃபிரேம்கள் (அடுத்தடுத்து வரையும் படங்கள்) என்று வைத்தால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பழைய கார்டு அதிகபட்சம் 8 ஜிபி அளவு தரவை நினைவகத்திலிருந்து இழுக்க முடியும், புதியது 4.5 ஜிபி மட்டுமே இழுக்க முடியும். இது இழப்புதான். ஆனால் சில்லுக்கு உள்ளேயே இருக்கும் இரண்டாம் நிலை கேஷ் என்ற சிறு நினைவகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது 1080 டிஐ-யில் 3 எம்பி-க்கும் குறைவு; 4060-இல் 24 எம்பி. அடிக்கடி தேவைப்படும் புத்தகங்களை மேசை மேலேயே வைத்துக்கொண்டவர் பரணுக்கு ஏணி போட வேண்டிய தடவைகள் குறைந்துவிடுகின்றன. ஏணி குறுகலாக இருப்பது அவரை முன்போல் உறுத்துவதில்லை. அந்தக் கூடுதல் டிரான்சிஸ்டர்களில் ஒரு நல்ல பங்கு இந்த மேசைக்குச் செலவானது.

இந்தக் கேஷைக் கணக்கில் சேர்த்து, 4060-இன் பேண்ட்வித் 453 ஜிபி-க்கு இணையானது என்று இந்த இரண்டு கார்டுகளையும் வெளியிட்ட என்விடியா நிறுவனம் குறிப்பிட்டிருந்தது. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளுமாறு நான் சொல்ல மாட்டேன். மேசை எவ்வளவு பயன்படும் என்பது வேலையின் அளவைப் பொறுத்தது. 1920-க்கு 1080 என்ற திரையில் ஏறத்தாழ 21 லட்சம் புள்ளிகள், 4கே திரையில் 83 லட்சம் புள்ளிகள். திரை பெரிதாகப் பெரிதாகத் தேவையான தரவு மேசையில் அடங்காமல் வழிந்து, பரணுக்குப் போகும் நடை கூடும். அப்போது 128 பிட் பஸ்ஸின் குறுகல் தெரியத் தொடங்கும். சாதாரண எச்டி திரையில் 4060 உங்கள் பழைய கார்டைவிடச் சற்று முன்னே நிற்பதும், திரையின் தெளிவு உயர உயர அந்த இடைவெளி சுருங்குவதும் இதனால்தான்.

இனி நினைவகத்தின் கொள்ளளவு. இது முழக் கணக்கு அல்ல. 2017-இன் ஒரு ஜிபி-யும் 2023-இன் ஒரு ஜிபி-யும் ஒன்றே. ஒரு விளையாட்டின் டெக்ஸ்சர்கள், அதாவது சுவர், தரை போன்ற பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள், 9 ஜிபி கேட்டால், 11 ஜிபி கார்டில் அவை உட்காரும், 8 ஜிபி கார்டில் உட்காரா. மீதி தரவு கணினியின் பொது நினைவகத்துக்குப் போய், அங்கிருந்து, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகத் திரும்ப வர வேண்டும். 4060-க்கு அந்த வழியில் நொடிக்கு ஏறத்தாழ 16 ஜிபி-தான் கிடைக்கும். தன் சொந்த நினைவகத்தோடு ஒப்பிட்டால் அது 17-இல் ஒரு பங்கு. இதன் விளைவு சராசரி ஃபிரேம் எண்ணிக்கையில் பெரும்பாலும் தெரியாது என்பதே இதன் தந்திரம். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 16.7 மில்லிநொடி ஆகிறது. ஒரு மூலையைத் திரும்பும் கணத்தில் ஒரே ஒரு ஃபிரேம் 100 மில்லிநொடி எடுத்தாலும் கண்ணில் ஒரு வெட்டு விழும். சராசரியோ 59-க்கு மேலேயே நிற்கும். வேறு சில விளையாட்டுகள் வெட்டு விழாமல், சொல்லாமல் கொள்ளாமல் மங்கலான டெக்ஸ்சர்களை மாற்றிப் போட்டுவிடும். சுவரில் எழுதியிருக்கும் எழுத்து சில நொடிகள் குழைந்து கிடந்து, பிறகு தெளியும். உங்கள் பட்டியலில் உண்மையான இழப்பு என்று நான் கருதுவது இந்த ஒரு வரியைத்தான்.

உங்கள் பட்டியலில் இடம்பெறாத வரிகளும் இருக்கின்றன, ஏனென்றால் 1080 டிஐ-யில் அவற்றுக்கு எதிர்வரியே கிடையாது. 4060-இல், ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் ரே டிரேசிங்குக்கென 24 தனிக் கோர்களும், குறைந்த தெளிவில் வரைந்த படத்தை ஊகித்துப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் போன்ற வேலைகளுக்கு 96 டென்சர் கோர்களும் உள்ளன. பாஸ்கல் கார்டுகளில் ரே டிரேசிங்கை, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் வழியாக 2019-இல் திறந்துவிட்டார்கள் என்றாலும், தனி வன்பொருள் இல்லாமல் அது தவழ்ந்துதான் ஓடும். அண்மைக் காலப் பெரிய விளையாட்டுகளில் சில, அந்த வன்பொருள் இல்லாத கார்டில் தொடங்கவே மறுக்கின்றன. ஏவி1 என்ற சுருக்க முறையில் காணொளியைப் பதியவும் விரிக்கவும் 4060-ஆல் முடியும், 1080 டிஐ-யின் வன்பொருளால் இரண்டும் முடியாது. திரையை இணைக்கும் எச்டிஎம்ஐ-யும் 2.0-க்குப் பதில் 2.1.

வாங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். வேகம் ஒன்றுக்காக என்றால் வேண்டாம். எச்டி திரையில் கிடைக்கும் சிறு முன்னேற்றத்துக்காக 3 ஜிபி நினைவகத்தை இழப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் வேறொரு காரணம் இருக்கிறது. பாஸ்கல் தலைமுறைக்கான வழக்கமான விளையாட்டு டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டு, 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தருவதாக அறிவித்திருக்கிறது. புதிதாக வரும் விளையாட்டுகளை வந்தவுடன் ஆடுபவராக நீங்கள் இருந்தால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. அப்போதும் 12 ஜிபி அல்லது 16 ஜிபி உள்ள கார்டைப் பார்ப்பதே நல்லது. பழைய விளையாட்டுகளே போதும் என்பவராக இருந்தால், 1080 டிஐ-யின் தூசியைத் தட்டி, வெப்பப் பசையைப் புதுப்பித்து, இன்னும் சில காலம் ஓட்டலாம்.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 3060-இலும் 3584 கோர்கள், 1080 டிஐ-யிலும் 3584 கோர்கள். அப்படியானால் இரண்டும் ஒன்றா? இதே குழப்பத்தில் இன்னொன்று: ஆர்டிஎக்ஸ் 3070-க்கு 20 டெராஃப்ளாப்ஸ், 2080 டிஐ-க்கு 13 டெராஃப்ளாப்ஸ் என்று போட்டிருக்கிறது, ஆனால் சோதனைகளில் இரண்டும் தோளோடு தோள் நிற்கின்றன. ஒன்றரை மடங்கு எங்கே காணாமல் போயிற்று?

பதில்: கோர் என்று எதை எண்ணுகிறார்கள் என்பதே தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. விளையாட்டின் நிரலில் இரண்டு வகைக் கணக்குகள் கலந்து வருகின்றன. ஒளி, நிறம், தூரம் போன்றவை தசமப் புள்ளிக் கணக்குகள். எந்தத் தரவு எந்த முகவரியில் இருக்கிறது, எது பெரியது, எது சிறியது என்பவை முழு எண் கணக்குகள். 100 தசமக் கணக்குகளுக்குச் சராசரியாக 36 முழு எண் கணக்குகள் வருகின்றன என்று டூரிங் வெளியானபோது என்விடியாவே எழுதியது.

பாஸ்கலில் ஒவ்வொரு கோரும் இரண்டையும் செய்யும், ஆனால் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் செய்யும். டூரிங்கில் இந்த இரண்டு வேலைகளுக்கும் தனித்தனிப் பாதைகளை வைத்து, இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும்படி செய்தார்கள். விவரக்குறிப்பிலோ தசமப் பாதையை மட்டுமே கோர் என்று எண்ணினார்கள். ஆகவே 2080 டிஐ-யின் 4352 கோர்களுக்குப் பின்னால், கணக்கில் சொல்லப்படாத இன்னொரு 4352 முழு எண் பாதைகள் நின்றுகொண்டிருந்தன. ஆம்பியரில் அந்த இரண்டாவது பாதைக்கும் தசமக் கணக்கு செய்யக் கற்றுக்கொடுத்து, அதையும் கோர் என்று எண்ணத் தொடங்கினார்கள். எண்ணிக்கை ஒரே தாவலில் எகிறியது இப்படித்தான்.

3070-இன் 5888 கோர்களில் பாதி, அதாவது 2944, தசமக் கணக்குக்கே உரியவை. மறுபாதி, முழு எண் வேலை வரும்போதெல்லாம் அதற்குப் போய்விடும். 20.3 டெராஃப்ளாப்ஸ் என்பது முழு எண் வேலையே வராத, எந்த விளையாட்டிலும் இல்லாத ஒரு நிலைக்கான உச்சம். 136 கணக்குகளில் 36 முழு எண் என்றால், 5888 பாதைகளில் ஏறத்தாழ 1560 பாதைகள் எப்போதும் அந்த வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும். மிஞ்சுவது 4330 சொச்சம். 2080 டிஐ-யின் 4352-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கடிகார வேகம், பேண்ட்வித் என்று வேறு வேறுபாடுகளும் இருப்பதால் இந்தப் பொருத்தத்தைத் துல்லியமான நிறுவலாகக் கொள்ளக் கூடாது. ஆனால் காணாமல் போன ஒன்றரை மடங்கு எங்கே போயிற்று என்பதை இது காட்டிவிடுகிறது.

உங்கள் முதல் கேள்விக்கு விடையும் இதிலிருந்தே வருகிறது. பாஸ்கலின் 3584-உம் ஆம்பியரின் 3584-உம் எண்ணும் முறையில் ஓரளவு நெருங்கிய உறவினர்கள், ஏனென்றால் இரண்டிலும் முழு எண் வேலை இந்தக் கோர்களின் நேரத்தைத்தான் தின்கிறது. சாதாரண விளையாட்டுகளில் 3060-உம் 1080 டிஐ-யும் அதிக வித்தியாசமில்லாமல் ஓடுவது ஆச்சரியமில்லை. அதற்கு 3060 எடுத்துக்கொள்வது 170 வாட், 1080 டிஐ எடுத்துக்கொள்வது 250 வாட் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்கும் டூரிங்தான் கணக்கைக் குலைக்கும். 2944 கோர்கள் மட்டுமே கொண்ட ஆர்டிஎக்ஸ் 2080, 3584 கோர்கள் கொண்ட 3060-ஐ விளையாட்டுகளில் தாண்டிவிடும். கோர் எண்ணைப் பார்த்து வாங்குபவர் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்.

என்விடியாவின் போட்டியாளரான ஏஎம்டி பக்கமும் இதே கதை. 2017-இன் ரேடியான் ஆர்எக்ஸ் 580-இல் 2304 ஸ்ட்ரீம் பிராசசர்கள் (கோர்களுக்கு ஏஎம்டி வைத்த பெயர்), 256 பிட் பஸ், 185 வாட். 2021-இன் ஆர்எக்ஸ் 6600-இல் 1792, 128 பிட், 132 வாட். எண்கள் எல்லாம் சுருங்கியிருக்க, 32 எம்பி இன்ஃபினிட்டி கேஷும், ஏறக்குறைய இரண்டு மடங்கை எட்டும் கடிகார வேகமும், மாற்றியமைக்கப்பட்ட கட்டமைப்பும் சேர்ந்து 6600-ஐ எளிதாக முன்னே கொண்டுபோகின்றன. 580-இன் 8 ஜிபி வகையை எடுத்துக்கொண்டாலும் நினைவகம் இரண்டிலும் ஒரே அளவு என்பதால், 1080 டிஐ விஷயத்தில் நான் காட்டிய தயக்கத்துக்கு இங்கே வேலையில்லை. 580 வைத்திருப்பவர் 6600-க்குத் தாராளமாக மாறலாம்.

கேள்வி: என் மதர்போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 தான் இருக்கிறது. 4060 போன்ற புதிய கார்டுகள் 4.0 கேட்கின்றன, அதுவும் தரவு போய்வரும் 16 தடத்துக்குப் பதில் 8 தடம் மட்டுமே பயன்படுத்துகின்றன என்கிறார்கள். கார்டு ஓடுமா? வேகம் எவ்வளவு குறையும்?

பதில்: ஓடும். பிசிஐ எக்ஸ்பிரஸில் புதியது பழையதோடு பேசும்போது பழையதன் வேகத்துக்கு இறங்கி வந்துவிடும். 3.0-இல் 8 தடங்கள் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி. விளையாட்டுக்குத் தேவையானதெல்லாம் கார்டின் நினைவகத்துக்குள் இருக்கும்வரை இந்தப் பாதையில் போக்குவரத்து குறைவு என்பதால், பெரும்பாலான விளையாட்டுகளில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. 8 ஜிபி நிரம்பி வழியும்போதுதான் வலிக்கும். முதல் கேள்வியில் சொன்ன அந்த வெட்டுகள் 3.0 மதர்போர்டில் இன்னும் ஆழமாக விழும். டெக்ஸ்சர் அளவை ஒரு படி குறைத்துக்கொண்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நீங்கள் உண்மையில் அஞ்ச வேண்டியது 4 தடம் மட்டுமே உள்ள கார்டுகளுக்குத்தான். 2022-இல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யில் நினைவகம் 4 ஜிபி, தடங்கள் 4. நினைவகம் சிறிது என்பதால் அடிக்கடி வழியும், வழிந்ததை வாங்கிக்கொள்ளும் பாதையும் குறுகல். 3.0 மதர்போர்டில் அந்தப் பாதை நொடிக்கு 4 ஜிபி-யாகிவிட, சில விளையாட்டுகளில் அது தன் வேகத்தில் பெரும்பங்கை இழந்தது. பழைய கணினிக்கு விலை குறைந்த கார்டு என்று எண்ணி வாங்குபவர்களிடம்தான் பழைய மதர்போர்டும் இருக்கும் என்பதை அதை வடிவமைத்தவர்கள் யோசிக்கவில்லையா என்று எனக்கு இன்றும் எரிச்சலாக இருக்கிறது. பழைய மதர்போர்டுக்குக் கார்டு தேடும்போது, கோர் எண்ணிக்கைக்கு முன் தடங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

கேள்வி: புதிய கார்டு பழையதைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகம் என்று நிறுவனங்களே பட்டை வரைபடம் வெளியிடுகின்றன. விவரக்குறிப்பில் அந்த மடங்கு எங்கும் தென்படவில்லையே?

பதில்: வரைபடத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வரியைப் படித்தீர்களா? பெரும்பாலும் அங்கே ஃபிரேம் ஜெனரேஷன் என்ற சொல் இருக்கும். கார்டு உண்மையில் வரைந்த இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே, இயக்கத்தை ஊகித்து இட்டுக்கட்டிய ஃபிரேமைச் செருகுவது இது. 4060, 4090 போன்றவை அடங்கிய 40 வரிசையில் ஒரு ஃபிரேமுக்கு ஒன்று செருகினார்கள், 50 வரிசை வெளியானபோது அது மூன்று வரை போனது. 2025 ஜனவரியில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், புதிய 5070-ஐ முந்தைய உச்சக் கார்டான 4090-க்கு நிகராக நிறுத்திப் பேசினார். 5070-இல் 6144 கோர்கள், 12 ஜிபி. 4090-இல் 16384 கோர்கள், 24 ஜிபி. அந்தச் சமன்பாடு முழுக்கச் செருகப்பட்ட ஃபிரேம்களின் மேல் நின்றது. அவற்றை அணைத்துவிட்டால் 4090 வெகு தூரம் முன்னே போய்விடும்.

இந்த வசதியே பயனற்றது என்று சொல்ல வரவில்லை. ஏற்கெனவே 60, 70 ஃபிரேம் ஓடும் விளையாட்டை 120 ஹெர்ட்ஸ் திரையில் வழுக்கிக்கொண்டு ஓட வைக்க அது நன்றாகவே உதவுகிறது. ஆனால் செருகிய ஃபிரேமுக்கு உங்கள் கைவிரல் தெரியாது. கார்டு உண்மையில் நொடிக்கு 30 ஃபிரேம் வரைந்து, அதை 120 ஆக்கிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு 120 தெரியும். மவுஸை அசைத்தால் அந்த அசைவு 33 மில்லிநொடிக்கு ஒருமுறை வரையப்படும் மெய்யான ஃபிரேமில்தான் ஏறும். அடுத்த மெய்யான ஃபிரேம் வரும்வரை காத்திருந்து நடுவில் செருக வேண்டியிருப்பதால், தாமதம் இன்னும் சற்றுக் கூடவே செய்யும். படம் வெண்ணெய்போல் வழுக்க, கை மட்டும் சேற்றில் நடப்பதுபோல் இருக்கும். பழைய கார்டோடு ஒப்பிடும்போது, இரண்டிலும் டிஎல்எஸ்எஸ் உள்ளிட்ட எல்லாவற்றையும் அணைத்த எண்ணை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வசதிகளை அதற்கு மேல் கிடைக்கும் கொசுறாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1080 டிஐ-யிலிருந்து 4060-க்கு மாறினால் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். வாட் என்பதும் ஜிபி-யைப் போலத் தலைமுறை தாண்டி நிற்கும் அளவு. 250 எங்கே, 115 எங்கே. பழைய கார்டுக்கு 8 முனை, 6 முனை என இரண்டு மின் இணைப்புகள் தேவைப்பட்டன, வழக்கமான 4060 கார்டுகளுக்கு 8 முனை ஒன்று போதும். நான் இதே மாற்றத்தைச் செய்த நாளில், கழற்றிய 6 முனைக் கேபிளுக்கு வேலையில்லாமல் போக, அது காற்றாடியில் உரசாதபடி பெட்டியின் பின்பக்கம் கட்டிவைத்தேன். பழைய கார்டின் பாரத்தில் சற்றுத் தொய்ந்தே இருந்த செருகுமிடம் நிமிர்ந்துவிட்டதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. முழுச் சுமையில் 135 வாட் மிச்சமாகிறது; நாளுக்கு 4 மணி நேரம் ஆடுபவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 197 கிலோவாட் மணி. ஒரே எச்சரிக்கை: 1080 டிஐ வாங்கியபோது வாங்கிய பவர் சப்ளை என்றால் அதற்கும் அதே வயது ஆகியிருக்கும். வாட் போதும் என்பதற்காக அதன் உத்தரவாதக் காலம் முடிந்ததை மறந்துவிட வேண்டாம்.

கேள்வி: ஒரே பெயருள்ள இரண்டு கார்டுகள் ஒரே கார்டுதானே? பழைய கார்டு ஒன்றை வாங்கும்போது பெயரைப் பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. ஜிடிஎக்ஸ் 1060 என்ற பெயரில் 6 ஜிபி வகையும் 3 ஜிபி வகையும் வந்தன. நினைவகம் மட்டும்தான் வேறு என்று நினைத்து வாங்கியவர்களுக்கு, 1280 கோர்களுக்குப் பதில் 1152 கோர்கள் கிடைத்தன. ஜிடி 1030 இன்னும் மோசம். 2017-இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தபோது அதன் பேண்ட்வித் நொடிக்கு 48 ஜிபி. மறு ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு வந்ததில் 16.8 ஜிபி. பஸ் இரண்டிலும் 64 பிட், நினைவகக் கொள்ளளவு இரண்டிலும் 2 ஜிபி. மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது எங்கே என்று தெரிய, நினைவக வகை என்ற ஒரு வரியைப் பார்த்தால்தான் உண்டு.

மடிக்கணினிகளில் பெயர் இன்னும் தளர்ந்துவிட்டது. பாஸ்கல் காலத்தில் மடிக்கணினி 1060-உம் மேசைக் கணினியின் 6 ஜிபி 1060-உம் ஒரே 1280 கோர்கள் கொண்டவை. 40 வரிசையிலோ மேசைக் கணினியின் 4090-இல் 16384 கோர்கள், மடிக்கணினியின் 4090-இல் 9728. பின்னது மேசைக் கணினியின் 4080-க்கு உரிய எண்ணிக்கை. மடிக்கணினி 4060-இல் கோர்கள் குறையவில்லை, 3072 அப்படியே இருக்கின்றன. ஆனால் அதற்குக் கொடுக்கும் மின்சாரம் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை, செய்பவர் விருப்பப்படி மாறும். மெல்லிய மடிக்கணினியில் 35, 40 வாட்டுக்குள் அடங்கி ஓடும் 4060-ஐ, தடித்த மடிக்கணினியில் முழு மின்சாரத்தோடு ஓடும் கீழ்நிலைக் கார்டு தாண்டிப்போக முடியும். எனவே மடிக்கணினியின் விவரக்குறிப்பில் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை வாட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று தேடுங்கள்; இல்லையென்றால் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.